மினி டிராக்டருக்கு எந்தக் கலப்பை? ஒன்றரை ஏக்கர் மரச்சீனி, பயறுக்காக ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருப்பது இது: அருமனைக்குப் பக்கம் 1 ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பு, அதை ஒட்டி 35 சென்ட் திறந்த விளை (மேட்டுத் தோட்டம்). படமும் போட்டிருக்கிறார். வளைகுடாவிலிருந்து ஊருக்குத் திரும்பி, 24 குதிரைத்திறன் மினி டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கியாச்சு. வீட்டுத் தேவைக்கு மரச்சீனி (மரவள்ளி), பயறு, கொஞ்சம் காய்கறி. மிஞ்சினால் மார்த்தாண்டம் சந்தைக்கு. கருவிகளுக்கென்று கையில் இருப்பது 70,000 ரூபாய். கடையில் சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் நான்கடி ரோட்டவேட்டர் மட்டுமே 82,000 சொல்கிறார்கள். ஒன்பது கொத்து (மண்ணைக் கீறும் கால்) உள்ள கலப்பையும் விதைப்புக் கருவியும் சேர்த்து எடுத்தால் குறைத்துத் தருவார்களாம், மீதிக்குத் தவணையும் உண்டாம். எது மலிவு என்று கேட்கிறார். இதற்கிடையில் அமெரிக்காவில் மானுக்குத் தீனி விதைக்கிறவர்கள் ஒரே சட்டத்தில் உழவு, விதைப்பு, அழுத்தம் மூன்றையும் முடிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, அதை நம் ஊர்ப் பட்டறையில் செய்து வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

"எது மலிவு" என்று கேட்டிருந்தாலும், டிராக்டருக்கே காசு போய்விட்டது, இனி எதையெல்லாம் வாங்காமல் தப்பிக்கலாம் என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் வைத்த ஐந்து கொத்துக் கலப்பை ஒன்று, அதே சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் ரிட்ஜர் (மண்ணைக் கூட்டிப் பார், அதாவது நீள மேடு, எடுக்கும் கருவி) இரண்டு, இழுத்துப் பரம்படிக்க, அதாவது மண்ணைச் சமப்படுத்த, ஒரு பனந்தடி. இவ்வளவு போதும். ரோட்டவேட்டரை வாடகைக்கு அழையுங்கள். விதைப்புக் கருவியை மறந்துவிடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, தக்கலைப் பக்கம் 19 வருடமாக வாடகைக்கு உழவு ஓட்டுகிறேன். பெரிய வண்டி ஒன்று, மினி ஒன்று. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் செம்மண்ணும் சரளையும் எனக்குப் பழகிய மண். நாஞ்சில் நாட்டு வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் சேற்றுழவு ஓட்டுகிறவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு ரோட்டவேட்டர் இல்லாமல் பிழைப்பே இல்லை. கடற்கரை மணலில் நான் ஓட்டியது விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆகவே இங்கே சொல்வது முழுக்க உங்களுடையது போன்ற மேட்டு விளைக்கு.

அந்த வீடியோவை முதலில் முடித்துவிடலாம். அங்கே காட்டோரம் கால் ஏக்கர், அரை ஏக்கர் திருத்தி, மான் வந்து மேய்வதற்காகக் குளோவர், டர்னிப், ஓட்ஸ் போன்றவற்றை விதைக்கிறார்கள். குளோவர் விதை கடுகைவிடப் பொடி. கால் அங்குலத்துக்குக் கீழே போய்விட்டால் முளை மேலே வரத் திணறும். மண் பொலபொலவென்று கிடந்தாலும் விதைக்கு ஈரம் ஒட்டாது. அதனால் முன்னால் சட்டிகள் (வட்டத் தகடுகள்) மண்ணைக் கீற, நடுவில் ஒரு பெட்டி விதையைத் தூவ, பின்னால் வரிப்பள்ளம் போட்ட கனத்த இரும்பு உருளை அழுத்திக்கொண்டு போகிறது. அந்த உருளைதான் அந்தக் கருவியின் உயிர். நீங்கள் ஊன்றப்போவதோ ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய மரச்சீனிக் கம்பு. பயறும் வெண்டையும் விரலால் குழி போட்டால் முளைக்கிற விதைகள். இவற்றுக்கு உருளையும் வேண்டாம், பொடிவிதைப் பெட்டியும் வேண்டாம். பட்டறையில் சொன்னால் செய்து தந்துவிடுவார்கள், திறமையான ஆட்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். செய்த பிறகு அது கொட்டகையில்தான் கிடக்கும். தவிர, அவர்கள் மான் வரட்டும் என்று விதைக்கிறார்கள். நம் மலையோரத்தில் பன்றி வந்துவிடக் கூடாதே என்று ராத்திரி தகரம் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ரோட்டவேட்டர். அதைக் குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஓட்டத்தில் மண்ணைப் புட்டுமாவு போல ஆக்கித் தரும் வேறு கருவி கிடையாது. காய்கறிப் பாத்திக்கு அதுதான் சரி. 24 குதிரைத்திறன் வண்டியில், பின்னால் மாட்டிய கருவியைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும் சக்தி ஏறக்குறைய 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இளகின மண்ணில் நான்கடி ரோட்டவேட்டரை அது சுற்றும். ஆனால் மாசியில் வெயில் குடித்து இறுகிக் கிடக்கும் சரளையில் இன்ஜின் மூச்சு வாங்கும். ஓட்டுகிறவர் ஆழத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் மேல்தோலை மட்டும் சுரண்டிவிட்டு வருவார். பார்க்க உழுத மாதிரி இருக்கும். கம்பியால் குத்திப் பார்த்தால் மூன்று விரல் ஆழத்துக்குக் கீழே தரை அப்படியே இருக்கும்.

அடுத்தது தேய்மானம். ரோட்டவேட்டரின் 'எல்' வடிவக் கத்திகள் மண்ணை வெட்டுவதற்கானவை. சரளைக்கல்லில் அவை தினமும் சாணை பிடிக்கப்படுகின்றன, தப்பான பக்கத்தில். வயலில் பல சீசன் தாங்கும் ஒரு செட், நம் விளையில் அதில் பாதி நாளைக்கூடத் தாங்காமல் போனதை என் வண்டியிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு கத்தி ஒடிந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். ஆனால் பாதி தேய்ந்த கத்திகளுக்கு நடுவே ஒரு புதுக் கத்தி போனால் தண்டு ஆடும், பேரிங் பிடிக்கும்.

மூன்றாவதைச் சொல்ல ஒரு கதை வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், திருவட்டாறு பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மட்டை, கொதும்பு எல்லாம் பொறுக்கிவிட்டதாக உடைமைக்காரர் சொன்னார். நானும் நம்பி இறங்கினேன். அரை மணி நேரம் நன்றாகப் போனது. அப்புறம் ஒரு வாடை. டீசல் புகை வாடை எனக்குத் தெரியும். இது வேறு, எண்ணெய் கருகுகிற வாடை. நிறுத்தி, தூக்கி, கீழே கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், தண்டின் ஓரத்தில் சில்லாட்டையும் (தென்னை நார் வலை) ஆடு கட்டுகிற நைலான் கயிறும் சேர்ந்து கைத்தண்டை பருமனுக்குச் சுற்றியிருந்தது. கயிறு சூட்டில் உருகி, ஆயில் சீலைத் தின்றுவிட்டு உள்ளே புகுந்திருந்தது. சீல் போனதும் எண்ணெய் வடிந்தது, எண்ணெய் போனதும் பேரிங் போனது. அந்தக் கயிற்றை அறுத்து எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றைய கூலியோடு அடுத்த இரண்டு வாரக் கூலியும் அந்தச் சீலுக்கும் பேரிங்குக்கும் போயிற்று. தென்னந்தோப்பில் தரைக்கு மேலே கிடப்பதைப் பொறுக்கலாம். மண்ணுக்குள் மக்காமல் கிடக்கும் கயிறும் சாக்கும் பழைய சொட்டுநீர்க் குழாயும் யார் கண்ணுக்குத் தெரியும்? கொத்துக் கலப்பை இதே கயிற்றில் மாட்டினால் இழுத்துக்கொண்டு வரும். இறங்கிக் கையால் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கோரையைப் பற்றியும் சொல்லவேண்டும். உங்கள் படத்தில் தோப்பின் கீழ்ப்பக்கம் பச்சையாகத் தெரிவது கோரைதான் என்றால், அங்கே ரோட்டவேட்டர் விடவே விடாதீர்கள். கோரைக்கிழங்குச் சங்கிலியை அது துண்டு துண்டாக்கி விளை முழுக்கப் பரப்பிவிடும். அருகம்புல்லும் இதே குணம். கொத்துக் கலப்பையின் கொழு (நுனி இரும்பு) கிழங்கைப் பெயர்த்து மேலே போடுகிறது. பங்குனி வெயிலில் நான்கு நாள் காயவிட்டு மறுபடி குறுக்கே ஓட்டினால் முழுதாகச் சாகாவிட்டாலும் நன்றாகக் குறையும். கோரையை ஒரே வருடத்தில் ஒழித்தேன் என்று சொல்கிறவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இனி காசுக் கணக்கு. தென்னை 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் இருந்தால், ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஆறடி வட்டத்தை விட்டுவிட வேண்டும். மரத்துக்குத் தீனி எடுக்கும் வேரில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் தோப்பும் விளையும் சேர்ந்து உங்களுக்கு உண்மையில் உழ வேண்டிய இடம் ஒரு ஏக்கர் சொச்சம். மினியில் ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டினால், திரும்புகிற நேரமும் சேர்த்து மூன்று, நான்கு மணி நேரம். வருடத்துக்கு இரண்டு தடவை என்றால் எட்டு மணி நேரம். எங்கள் பக்கம் ரோட்டவேட்டரோடு வண்டிக்கு மணிக்கு 1,200 ரூபாய் வாங்குகிறோம். உங்கள் ஊர் விலை தெரிந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு 9,600 ரூபாய். 82,000 ரூபாய்க் கருவி வாடகையில் தன் விலையை ஈடுகட்ட எட்டரை வருடம். அதுவும் கத்தி, சீல், கிரீஸ், உங்கள் டீசல், தவணை வட்டி எதுவும் சேர்க்காமல். வருடத்தில் 8,752 மணி நேரம் சும்மா நிற்கும் சாமானுக்குக் கடன் வாங்குவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேருக்கு வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். அப்போது வாங்குவதில் நியாயம் உண்டு.

ஐந்து கொத்துக் கலப்பைக்கு வருகிறேன். கோடை உழவு ஒன்று, நடவுக்கு முன் நெடுக்கும் குறுக்குமாக இரண்டு, மரச்சீனி ஊன்றிய பிறகு களைக்கு ஒன்றோ இரண்டோ, அறுப்பு முடிந்ததும் பயறுக்கு மறுபடி. வருடத்தில் ஆறேழு தடவை அது மண்ணைத் தொடும். சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது, கியர்பாக்ஸ் கிடையாது, எண்ணெய் கிடையாது. கொழு தேய்ந்தால் திருப்பிப் போடலாம். பெரும்பாலான கொழுக்களுக்கு இரண்டு முனையும் வேலை செய்யும். சட்டத்தில் விரிசல் விழுந்தால் ஊர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்துவிடலாம். கடைக்காரர் சொல்கிற ஒன்பது கொத்து உங்கள் வண்டிக்கு வேண்டாம். அது 35, 40 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வண்டிக்கானது. உங்கள் ஹைட்ராலிக் அதைத் தூக்கிவிடும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மண்ணில் இறக்கி இழுக்கும்போது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், சரிவில் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும்.

கொத்துகளில் இரண்டு ரகம்: ஸ்பிரிங் வைத்தது, வைக்காமல் நேராகப் பூட்டியது. பின்னது விலை குறைவு. வயலுக்கும் மணலுக்கும் அது போதும். சரளையும் தென்னைவேரும் உள்ள உங்கள் நிலத்துக்கு ஸ்பிரிங் ரகம்தான். கல்லில் இடித்தால் கொத்து பின்னால் மடங்கி, கல்லைத் தாண்டியதும் டப்பென்று பழைய இடத்துக்கு வரும். நேராகப் பூட்டியது இடித்தால் ஒன்று போல்ட் அறும், இல்லை சட்டம் கோணும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள்.

பழைய கலப்பையே போதும், புதிது அவசியமில்லை. ஆனால் பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் 22 மில்லிமீட்டர் பின் ஒன்றைப் போட்டுக்கொண்டு போங்கள். மினி வண்டிகளில் கருவியைப் பிடிக்கும் கீழ்க்கைகள் இரண்டும் பெரும்பாலும் அந்த அளவுப் பின்னுக்கானவை, மேலே நடுவில் பிடிக்கும் டாப் லிங்கின் பின் 19 மில்லிமீட்டர். பெரிய வண்டிக் கருவிகளில் கீழே 28, மேலே 25. சின்னப் பின் உள்ள கருவியைப் பெரிய வண்டியில் புஷ் போட்டு மாட்டிவிடலாம். பெரிய பின் உள்ள கருவி உங்கள் வண்டியின் துளைக்குள் போகவே போகாது. மலிவாகக் கிடைத்தது என்று ஏற்றிக்கொண்டு வந்து, மாட்ட முடியாமல் வேலியோரம் துருப்பிடித்துக் கிடக்கும் கலப்பைகள் நாலைந்தை எனக்கே தெரியும். சில மினிகளில் கைகளுக்கு இடையே உள்ள அகலமும் குறுகல், அதையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அடுத்து, சட்டத்தின் மூலைகளில் பெயின்ட் புதிதாக இருந்தால் ஒரு சாவியால் சுரண்டிப் பாருங்கள், அடியில் விரிசல் ஒட்டு தெரியும். ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்கிறதா, கொத்துகளின் நுனி ஐந்தும் ஒரே மட்டத்தில் தரையைத் தொடுகிறதா என்று சமதரையில் இறக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் விரல் அளவு மேலே நின்றால் அந்தக் கொத்து எப்போதோ கல்லில் அடிவாங்கியது.

ரிட்ஜர்தான் மரச்சீனிக்காரனுக்கு உண்மையான உதவி. மம்பட்டியால் மேடு கூட்டுவதற்கு ஆகும் கூலிதான் நம் பக்கம் மரச்சீனியின் பெரிய செலவு. மூன்றடி இடைவெளியில் பார் பிடித்து மூன்றடிக்கு ஒரு கம்பு ஊன்றினால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 மூடு (செடி). தென்னைக்கு நடுவே கணக்குப் பாருங்கள்: 25 அடியில் இரண்டு பக்கமும் ஆறடி போனால் 13 அடி. மூன்றடிப் பார் நான்கு தாராளமாகப் பிடிக்கலாம். கலப்பையின் கொத்துகளைக் கழற்றிவிட்டு அதே சட்டத்தில் இரண்டு ரிட்ஜர் உடல்களை மூன்றடி இடைவெளியில் கிளாம்ப் போட்டு மாட்டினால் போதும். இதற்குத் தனிச் சட்டம் விற்பார்கள், தேவையில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: உங்கள் பின்சக்கரங்களின் நடு அகலம் மூன்றடிக்குப் பக்கத்தில் வருகிறதா என்று. வந்தால், கம்பு துளிர்த்து முழங்கால் உயரம் வருகிறவரை ஒரு பாரை நடுவில் விட்டு இரண்டு சக்கரமும் பள்ளத்தில் ஓட, களையெடுத்து மண் அணைக்கலாம். அதற்கு மேல் செடி வண்டியின் அடிவயிற்றில் உரசும், அப்போது மம்பட்டிதான். பல மினிகளில் ரிம்மைத் திருப்பிப் போட்டுச் சக்கர அகலத்தை மாற்றலாம். பஞ்சர் கடையில் வைத்து அரை நாள் வேலை.

உங்கள் தோப்பு எத்தனை வயது என்று எழுதவில்லை. ஏழு வருடத்துக்குள் இருந்தால் ஊடுபயிருக்கு வெயில் கிடைக்கும். இருபது வருடத்துக்கு மேலான உயர்ந்த தோப்பிலும் கிடைக்கும். இடைப்பட்ட வயதில் நிழல் கனம். அங்கே எந்தக் கருவியால் உழுதாலும் மரச்சீனி தண்டு நீண்டு கிழங்கு மெலியும். அப்படி இருந்தால் தோப்பில் சேனை, சேம்பு என்று போய்விட்டு, மரச்சீனியை 35 சென்ட் விளையோடு நிறுத்துங்கள்.

விதைப்புக் கருவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயறுக்கு ஹெக்டேருக்கு 20 முதல் 25 கிலோ விதை என்பது வழக்கமான அளவு. 35 சென்டுக்கு மூன்று, மூன்றரைக் கிலோ. இரண்டு பேர் ஒரு காலை வேளையில் கையால் போட்டு முடிக்கிற விதைக்கு யாராவது இரும்புப் பெட்டி வாங்குவார்களா? கையால் தூவினால் மேலே பனந்தடியை ஒரு ஓட்டம் இழுத்துவிடுங்கள், விதை மூடிக்கொள்ளும்.

வாங்கியதை ஓட்டும்போது இரண்டு விஷயம். ஈரப்பதம் முதலில். உழ நினைக்கிற ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாகி, இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் உதிர்ந்தால் வண்டியை எடுக்கலாம். தரையில் விழுந்தும் அப்பிக்கொண்டு கிடந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். அந்த ஈரத்தில் உழுதால் செம்மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். உருண்டையே பிடிக்காமல் பொடியாக ஓடினால் டீசல் தண்டம். சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பெரும்பாலும் அந்தப் பதம் வாய்க்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை இறங்குவதற்குள் கம்பு வேர்பிடித்திருக்க வேண்டும் என்பதால், அந்த வாரத்தில் வாடகை வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. சொந்தக் கலப்பையின் பலன் அந்த ஒரு வாரத்தில்தான் முழுதாகத் தெரியும்.

இரண்டாவது டாப் லிங்க். அதைச் சுருக்கினால் கலப்பை முன்பக்கம் குனிந்து கொழு ஆழமாக இறங்கும், நீட்டினால் மேலே மிதக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் கலப்பை இறங்கவில்லை என்று சட்டத்தின் மேல் கல்லைத் தூக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். டாப் லிங்கில் இரண்டு சுற்றுச் சுற்றினால் தீர்கிற விஷயம் அது. இறங்கி ஓடும்போது பக்கத்திலிருந்து பார்த்தால் சட்டம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், முன்கொத்தும் பின்கொத்தும் ஒரே ஆழம் போக வேண்டும்.

சரிவு பற்றி ஒரு எச்சரிக்கை. மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்கப் பார்கள் சரிவுக்குக் குறுக்கேதான் வர வேண்டும். ஆனால் மினி வண்டி குறுக்குச் சரிவில் ஒருபக்கம் சாய்ந்து ஓடுவது ஆபத்து; மேல்சக்கரம் ஒரு கல்லில் ஏறி, கீழ்ச்சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் கவிழ்ந்துவிடும். காலியாக ஓட்டிப் பார்க்கும்போதே இருக்கையில் ஒருபக்கம் வழுக்குகிற மாதிரி இருந்தால், அந்தத் துண்டை மம்பட்டிக்கு விட்டுவிடுங்கள். கையாலை (எல்லை மண்சுவர்) ஓரத்தில் கடைசி நான்கடியை எப்போதும் விட்டுவிடுங்கள், ஓரம் இடிந்து இறங்கும். வாடகை ரோட்டவேட்டர் வந்தால் சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு யாரும் அதன் பக்கம் போகக் கூடாது. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. துணி நுனி மாட்டினால் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதுவரை சொன்னதில் பின் அளவு, பி.டி.ஓ. சுற்று, இடைவெளிக் கணக்கு எல்லாம் உறுதியானவை. யாரிடம் கேட்டாலும் மாறாது. சரளையில் கத்தி தேய்வதும் கயிறு சுற்றுவதும் நான் கண்ணால் கண்டவை. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கே முழுத் திருப்தி இல்லை. வருடக்கணக்காக ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டினால் அதன் கத்தி தொடும் ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டித்தட்டு உண்டாகும், அதை ஆழமாகக் கீறும் உளிக் கலப்பையால் உடைக்க வேண்டும் என்பார்கள். களிமண் வயல்களில் இது தெளிவாகத் தெரிகிறது. நம் சரளை விளையில், கீழே கெட்டியாக இருப்பது ரோட்டவேட்டர் செய்ததா, இல்லை மண்ணே அப்படித்தானா என்று பிரித்துச் சொல்வது கடினம். உளிக் கலப்பை ஓட்டிய இரண்டு தோட்டங்களில் ஒன்றில் கிழங்கு நன்றாக நீண்டது, இன்னொன்றில் ஒரு மாற்றமும் இல்லை. அதை இழுக்க எப்படியும் பெரிய வண்டி வேண்டும். கடப்பாரையை நான்கு இடத்தில் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் டங் என்று நின்றால் ஒரு தடவை வாடகைக்கு ஓட்டிப் பார்க்கலாம், வாங்க வேண்டாம்.

மானியத்தையும் விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 50 விழுக்காடு வரை, மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கும். உங்கள் ஒன்றரை ஏக்கர் குறு விவசாயி கணக்கில்தான் வரும், பட்டா உங்கள் பெயரிலோ வீட்டம்மா பெயரிலோ இருக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையில் முதலில் விண்ணப்பம், பிறகுதான் கொள்முதல். வாங்கிவிட்டுப் பில்லோடு போனால் கிடைக்காது. பழைய கருவிக்கும் கிடையாது. துறையே வாடகைக்கு வண்டி அனுப்புகிறது, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். சீசனில் வரிசை நீளம் என்பதால் ஒரு மாதம் முன்னாலேயே பதிந்துவையுங்கள். கடைக்காரர் பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் இன்னொன்றையும் கேளுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் உழவுக் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது, அந்த 82,000 எந்த வரியில் போட்ட விலை என்று. பயிர் ரகம், கம்பு பற்றிய சந்தேகங்களுக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ நேரில் போய்க் கேளுங்கள், அதில் நான் ஆள் இல்லை.

கலப்பையும் ரிட்ஜரும் வாங்கிய பிறகு 70,000-த்தில் நல்ல மிச்சம் இருக்கும். அதில் பின்சக்கர டயர்களைப் பாருங்கள். பழைய வண்டி என்கிறீர்கள்; மொட்டை டயரில் எந்தக் கலப்பையை மாட்டினாலும் பாதி சக்தி வழுக்கலில் போய்விடும். அப்புறம் முன்பக்கத்துக்கு எடைக்கட்டைகள் இரண்டு. இவை முடிந்தும் காசு இருந்தால் அது வாடகை ரோட்டவேட்டருக்கு.

தென்னை வரிசை நேராக இருக்கிறதா, வளைந்து வளைந்து போகிறதா, வாசல் கேட்டின் அகலம் எவ்வளவு, கையாலைக்கும் முதல் மரத்துக்கும் நடுவே எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். படத்தில் சரிவு தெரியவில்லை, கீழே நின்று மேலே பார்த்து இன்னொரு படம் எடுத்துப் போட்டால் ரிட்ஜர் இரண்டு போதுமா, ஒன்றோடு நிறுத்த வேண்டுமா என்று சொல்கிறேன்.